நான் இழுத்துப் போன வோன்வாகன்

என் கணவருடைய கண் பழுதாவதற்கு ஒரு வருடம் முன்புதான் அந்த வோன்வாகனை வாங்கியிருந்தார். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற சின்ன வீடு. உள்ளே ஒரு கட்டில், மடிக்கிற மேசை, இரண்டு அடுப்பு. பிராங்பேர்ட்டில் பொதி விநியோகிக்கும் வான் ஓட்டியே காலம் போன மனிதர். லீவு கிடைத்தாலும் அவருக்கு ஓட்டத்தான் ஆசை. பால்டிக் கடல்வரை போவோம், கரையில் நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி குடிப்போம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பிறகு ஒரு கண்ணில் தொடங்கிய வருத்தம் மற்றக் கண்ணுக்கும் வந்தது. பார்வையின் நடுப்பகுதி மங்கிப்போய் ஓரங்கள் மட்டும் மிஞ்சின. டொக்டர் இனி வாகனம் ஓட்டக்கூடாது என்றார். வோன்வாகன் வீட்டுக்கு முன்னால் பாசி பிடித்து நின்றது. கம்பேர்க்கில் படிக்கிற மகள் போன் எடுக்கும்போதெல்லாம் அதை வித்துவிடச் சொல்வாள். இவர் போனை என்னிடம் தந்துவிடுவார். அந்தக் கோடையில் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"நீர் ஓட்டுவீரோ? ஒருக்கால் கடலைப் பாத்திட்டு வந்து வித்துப்போடுவம்."

நான் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். விடியற்காலையில் போய் ஆட்களைத் தூக்கி, குளிப்பாட்டி, உடுப்பு மாற்றிவிடுகிற வேலை. லீவு என்றால் எனக்கு நித்திரைதான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் என் முகத்துக்குப் பதிலாக என் காதுப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அப்படிப் பார்த்தால்தான் அவருக்கு முகம் தெரியும். "ஓம்" என்று சொல்லிவிட்டேன்.

புறப்பட்ட நாளில் வெயில் காலையிலேயே தொடங்கிவிட்டது. பின்னால் அவ்வளவு பெரிய பெட்டியை இழுத்துக்கொண்டு அவுட்டோபான் நெடுஞ்சாலையில் ஏறியபோது என் தோள் இரண்டும் காதுவரை உயர்ந்துவிட்டன. லொறிகளோடு, மெதுவாகப் போகிற வலப்பக்கத்தில்தான் போனேன். கண்ணாடிகளில் வோன்வாகனின் வெள்ளைச் சுவரைத் தவிர வேறொன்றும் சரியாகத் தெரியவில்லை. இவர் பக்கத்தில் இருந்து, தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வந்தார்.

"கண்ணாடியைப் பாரும். லொறிக்குக் கிட்டப் போகாதையும். கியரைக் குறையும், மேடு வருகுது."

அவருக்கு மேடு எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது. இயந்திரச் சத்தத்தில் கண்டுபிடித்திருப்பார். கீசன் நகரம் தாண்டுமட்டும் பொறுத்தேன். அதற்குப் பிறகு முடியவில்லை.

"இனி ஒரு சொல்லுச் சொன்னீங்களெண்டால், இதிலை இறங்கி ரயிலிலை வீட்டை போயிடுவன்."

"சரி. நான் கதைக்கேல்லை."

உண்மையிலேயே கதைக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, கைகளை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார். எனக்கு அதுவும் பாரமாகத்தான் இருந்தது. வானொலியைப் போட்டேன். எங்கெங்கே வாகன நெரிசல் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. நிறுத்திவிட்டேன்.

காசல் பக்கம் மலைச்சரிவு. இறங்கும்போது வேகம் என்னை அறியாமலே கூடிவிட்டது. ஒரு பெரிய பஸ் எங்களை முந்திப் போனது. அதன் காற்று பட்டதும் வோன்வாகன் இடப்பக்கம் ஒருமுறை, வலப்பக்கம் ஒருமுறை அசைந்தது. மூன்றாவது அசைவில் காரின் பின்பக்கத்தையும் சேர்த்து இழுத்தது. நான் ஸ்டேறிங்கை எதிர்ப்பக்கம் திருப்பப் போனேன்.

"திருப்பாதையும். நேராப் பிடியும். பிரேக்கை அமத்தும், நல்லா அமத்தும்."

சத்தம் போடாமல்தான் சொன்னார். நான் அமத்தினேன். பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது. ஆட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வோன்வாகன் மறுபடி எங்கள் பின்னால் நேராக வந்தது. அடுத்த வாகனத் தரிப்பிடத்தில் ஒதுக்கி நிறுத்தினேன். கதவைத் திறந்து இறங்கி, புல்லில் இருந்துவிட்டேன்.

"சாமானெல்லாம் எங்கை வச்சனீங்கள்?" என்று கேட்டேன். வோன்வாகனில் சாமான் ஏற்றியது அவர்.

"வோன்வாகனின்ரை பின்பெட்டியிலை."

"எல்லாத்தையுமோ?"

"ஓம்." பின்பெட்டிக் கதவைத் தடவிப் பார்த்தார். "பின்னுக்குப் பாரம் கூடினால் வாலாட்டும். எனக்குத் தெரியும். பொதி வானுக்குக் கதவு பின்னுக்குத்தானே, கை தன்பாட்டிலை அங்கை வச்சிட்டுது."

எனக்குக் கோபம் வரவேண்டும். அதற்கும் களைப்பாக இருந்தது. இரண்டு பேருமாகப் பின்பெட்டியைத் திறந்து அரிசி மூட்டை, தேங்காய்ப்பால் ரின்கள், தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தோம். நடுவில் சில்லுகளுக்கு மேலே, தரையோடு அடுக்கினோம். நான் இடத்தைச் சொல்ல அவர் தூக்கி வைத்தார். வேர்த்து வழிந்தது. பக்கத்து மரவாங்கில் முட்டை உரித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், நாங்கள் வீடு மாறுகிறோம் என்று நினைத்திருக்கும்.

கனோவருக்கு அப்பால் வீதி திருத்துகிற வேலைத்தளங்கள். வாகனங்கள் மணிக்கணக்கில் நகரவில்லை. கடலுக்கு இன்னும் வெகுதூரம் இருந்தது. "எனக்கு ஏலாது" என்றேன். "கிட்ட எங்கையாவது ஒதுக்கும்" என்றார். பைன் மரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஏரியும் அதன் கரையில் வோன்வாகன்கள் நிறுத்துகிற ஒரு முகாம் தளமும் கிடைத்தன. றப்பர் சப்பாத்து போட்ட ஒரு பெண் எங்களுக்கு இடத்தைக் காட்டிவிட்டுப் போனாள். வேலிக்கும் ஒரு மரத்துக்கும் இடையில், பின்பக்கமாகத்தான் உள்ளே விடவேண்டும்.

பின்னுக்கு ஓட்டுவதை நான் பழகியிருக்கவில்லை. ஸ்டேறிங்கை ஒருபக்கம் திருப்பினால் வோன்வாகன் மறுபக்கம் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன், அவ்வளவுதான். இவர் இறங்கிப் பின்னால் போய் நின்று கையைக் காட்டினார்.

"வாரும், வாரும், இன்னும் வாரும்."

நான் வந்தேன். வேலி முறிகிற சத்தம் கேட்டது. முன்னுக்கு எடுத்து மறுபடி வந்தேன். இந்தமுறை மரம். அக்கம்பக்கத்தில் கதிரை போட்டு இருந்தவர்கள் கோப்பிக் கோப்பைகளோடு எழுந்து வந்து பார்த்தார்கள். அவர் அப்போதும் கையைக் காட்டிக்கொண்டே நின்றார். கண்ணாடியில் பார்த்தேன். அவருடைய முகம் வோன்வாகனைப் பார்க்கவில்லை, ஏரிப் பக்கம் இருந்தது. அவருக்கு வேலியும் தெரியவில்லை, மரமும் தெரியவில்லை. நான் இயந்திரத்தை நிறுத்தினேன்.

கட்டைக் காற்சட்டை போட்ட ஒரு ஜெர்மன்காரர் ஜன்னலுக்குக் குனிந்து, கழற்றிவிடுங்கள், தள்ளுவோம், எல்லோரும் அப்படித்தான் செய்வோம் என்றார். இன்னும் மூன்று பேர் வந்தார்கள். கொழுக்கியைக் கழற்றி, சிரித்துக்கொண்டே கையால் தள்ளி, ஒரு நிமிடத்தில் இடத்தில் விட்டார்கள். தள்ளிய கைகளுக்கு நடுவில் இவருக்கும் ஓரிடம் இருந்திருக்கும். ஒருவரும் கூப்பிடவில்லை, இவரும் போகவில்லை. உயர்த்திய கையை எப்போது இறக்கினார் என்று நான் கவனிக்கவில்லை.

அன்று பின்னேரம் வோன்வாகன் படியில் இருந்துகொண்டு சொன்னார். "வேலியைக் கண்டனான் எண்டுதான் நினைச்சன்."

"பரவாயில்லை."

"இல்லை. நான் பின்னுக்கு நிண்டிருக்கக் கூடாது. சொல்ல வெக்கமாய்க் கிடந்தது."

அவர் அழவில்லை. அவருடைய பக்கத்தில் போய் இருந்தேன். நுளம்பு கடிக்கத் தொடங்கியதும் இரண்டு பேரும் உள்ளே போனோம்.

அதற்குப் பிறகு நாங்கள் அங்கிருந்து நகரவில்லை. இரண்டு நாட்கள் நான் படுக்கையை விட்டு எழும்பியதே குறைவு. இவர் தடவித் தடவிப் பருப்பும் சோறும் சமைத்தார். உப்பு கூடிப்போனது, சாப்பிட்டேன். கழிப்பறைக்குப் போகிற பாதையைக் காலால் பாடமாக்கிக்கொண்டார். மூன்றாம் நாள் ஏரியில் கால் நனைத்தோம். தண்ணீர் குளிர்ந்து, தேயிலைச் சாயம்போல மண்ணிறமாகக் கிடந்தது. கடலைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் அந்தக் கதையை எடுக்கவில்லை.

திரும்பி வந்த நாளில் மழை. ஒரு போலந்து லொறிக்குப் பின்னால் அதன் வேகத்திலேயே வந்தேன். கோட்டிங்கன் அருகில் அவர் நித்திரையாகிவிட்டார். நான் ஓட்டி, அவர் பக்கத்தில் இருந்து தூங்கியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு சந்தியில் தவறான பாதையில் ஏறிவிட்டேன். எழுப்பிக் கேட்கலாம் என்று நினைத்து, பிறகு விட்டுவிட்டேன். சுற்றி வர நேரம் போனது, போகட்டும்.

வீட்டுக்கு வந்து தெருவோரத்தில் கோணலாக நிறுத்தினேன். உள்ளே போக முன்பே மகளின் போன் வந்தது. இவர்தான் எடுத்தார்.

"கடல் எப்பிடி அப்பா?"

"கடலுக்குப் போகேல்லை. அம்மா களைச்சுப் போனா. அடுத்த வருசம் பாப்பம்."

வித்துவிடுவதாகச் சொன்ன மனிதர். நான் வாசல் நடையில் குந்தியிருந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கால் வீங்கியிருந்ததால் அது லேசில் வரவில்லை.