புகை இல்லாத சீமை வீடு

ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வெளியிடப் பத்து நாள் இருக்கையில் அந்தப் போன் வந்தது. காலையில் காபி குடித்துவிட்டு உட்கார்ந்த சண்முகவேல் அண்ணாச்சி அப்படியே போய்விட்டாராம். "சீசன்ல லீவே போடாத மனுஷன், போட்டுட்டாரே" என்றேன். வேறென்ன சொல்ல வாய் வரும்? சிவகாசியில் எங்கள் அச்சகத்து டிசைன் அறையில் இருபது வருஷம் அவருக்குப் பக்கத்து நாற்காலி எனக்கு.

அவரோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் தெரியும், காலண்டருக்கு வரும் படங்களில் அவருக்கு உயிர், இங்கிலாந்து நாட்டுப்புறத்துப் பழைய கல் வீடுகள்தாம். விருதுநகர் ஸ்டேஷனைத் தாண்டி அதிகம் போகாதவர், அந்த வீடுகளுக்குள் நடமாடுவார். "பூசாம விட்டிருக்கான் பாத்தியா? மழையும் வெயிலும் பட்டுக் கல்லே தேன் நிறமாயிருச்சு." சன்னலைக் கல் சட்டங்களால் கட்டம் கட்டமாகப் பிரித்திருப்பது ஏன் என்று கேட்டால், "அப்ப ஏதுலே அம்புட்டுப் பெரிய கண்ணாடி?" என்பார். கூரைமேல் நிற்கும் புகைபோக்கிகளை எண்ணி, உள்ளே எத்தனை அறையில் குளிர் காய்கிறார்கள் என்று கணக்குச் சொல்வார்.

ஒரு வருஷம் அப்படி ஒரு வீட்டைப் பட்டாசு முதலாளி ஒருவருக்கு மாதிரி காட்டினோம். புகைபோக்கியிலிருந்து லேசாகப் புகை. முதலாளி கொதித்துவிட்டார். "பட்டாசு கம்பெனி காலண்டர்ல, கட்டடத்துல புகை வருது! கண்ணு தெரியலையா? நாளைக்குள்ள மாத்துங்க, இல்லாட்டி ஆர்டரு வேற பிரஸ்ஸுக்குப் போயிரும்." அவரையும் குற்றம் சொல்ல முடியாது. கூரைக்கு மேலே புகையைக் கண்டால் இந்த ஊரில் யாருக்கு நெஞ்சு பதறாது?

நான் ஓர் அவசரக்குடுக்கை. புகையோடு புகைபோக்கிகளையும் அழித்துத் தொலைத்தேன்.

"அடப்பாவி! வீட்டை மூளியாக்கிட்டியேலே!"

மத்தியானச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல், கல் கல்லாக எல்லாவற்றையும் திரும்ப நிறுத்தினார். புகை வைக்க முடியாததுதான் அவருக்கு ஆறவில்லை. "அடுப்பு எரியாம துட்டி வீடு மாதிரில்லா இருக்கு. பாக்கிறவுக என்ன நினைப்பாக?" சாவு விழுந்த வீட்டில் அடுப்பு மூட்டாத வழக்கம் இங்கிலாந்துக்காரனுக்கு எங்கே தெரியும்! சொன்னால் கேட்டால்தானே. கடைசியில் ஓரத்துச் சன்னலில் கொஞ்சம் மஞ்சள் வெளிச்சம் வைத்தார். "உள்ள ஆள் இருக்காக. இது போதும்லே." முகம் மலர்ந்துவிட்டது. முதலாளி வெளிச்சத்தைக் கவனிக்கவே இல்லை, ஆர்டர் எங்களுக்குத்தான்.

அண்ணாச்சியை எடுத்த மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பு எரியவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் சாப்பாடு வந்திருந்தது. பட்டப்பகலில் சன்னலோரம் பல்பு எரிந்துகொண்டிருக்க, அணைக்கப் போனேன்.

"இருக்கட்டும் தம்பி" என்றார் மதினி, அண்ணாச்சியின் மனைவி. "உள்ள ஆள் இருக்கது தெரியணும்னு அவுக சொல்லுவாகள்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சிரிப்பும்தான்.

அன்றே அச்சகம் திரும்பினேன். இந்த வருஷ ஆல்பத்திலும் ஒரு கல் வீடு உண்டு. புகையை எடுத்தேன், புகைபோக்கிகளைத் தொடவில்லை. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு துளி மஞ்சள். அதை ஓரத்துச் சன்னலில் வைத்த பிறகுதான் அச்சுப் பிளேட் போட அனுப்பினேன்.