பெரிய டயர் போட்ட லொறி

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணா, அங்கே பார்த்ததுபோல எங்கள் லொறிக்கும் பெரிய டயர்கள் போட்டார். புங்குடுதீவுக் கரையில் அதை நிறுத்திப் படமும் எடுத்தார்.

"டயர் பெருத்தா இழுவை குறையும். பின் அச்சின்ர பல்லுச்சக்கரத்தையும் மாத்த வேணும்" என்றார் கராஜ்காரர்.

"இந்தத் தீவில ஏற மலையா கிடக்கு? தேவையில்லை" என்று அண்ணா மறுத்துவிட்டார். லொறி அவருடையது; ஓட்டுவது மட்டும்தான் நான்.

அவர் திரும்பிப் போனபின் ஒருநாள் கடல் கொந்தளித்தது. பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணையின் வள்ளத்தைக் கரையேற்ற லொறியில் கயிறு கட்டினோம். முன்பு சுலபமாக இழுத்த லொறி அன்று மணலில் முக்கியது. கிளச் கருகி மணந்தது.

"கொஞ்சம்தான் தம்பி, விட்டிடாதை!" தண்ணீரில் நின்று அவர் கத்தினார்.

"ஏலாது அண்ணை!"

என் கண்முன்னே அலை வள்ளத்தைக் கல்லில் அடித்துப் பிளந்தது.

தொலைபேசியில் சொன்னேன். அண்ணா முதலில் கேட்டது, "டயருக்கு ஒண்டுமில்லையே?"

கரையில் எடுத்த அந்தப் படத்தை அவர் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் அவருக்குப் பின்னால் தெரியும். அதில் லொறிக்கு அருகே மரியதாஸ் அண்ணையின் வள்ளம் முழுசாக நிற்கிறது. அண்ணா சொல்வதற்கெல்லாம், அதைப் பார்த்தபடி ஓம் சொல்கிறேன்.