சூடம் அணையும் வரை

ஜீவானந்தம் கட்டிலில் உட்கார்ந்து பேண்ட் போட்டுக்கொண்ட காலையில்தான் சாரதாமணிக்குச் சந்தேகம் தட்டியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மனிதர் நின்றபடிதான் பேண்ட் போடுவார். ஒரு காலைத் தூக்கி நுழைப்பார், அப்புறம் மறு காலை, நடுவில் அவளிடம் ஊர்க்கதையும் பேசுவார். இப்போது அவருக்குக் கட்டில் வேண்டியிருந்தது. அதற்குச் சில நாள் முன்னால் கடைக்குப் போனவர் இடது கால் செருப்பு இல்லாமல் திரும்பி வந்தார். வழியில் அது கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

மல்லசமுத்திரத்துக்காரர் அவர், போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லர். லாரியின் பின்பக்கம் ஆளுயரத்தில் ஒரு சின்ன இரும்புத் தட்டு. அதில் நின்றுகொண்டு லீவர்களைத் தள்ளியும் இழுத்தும் பூமியைத் துளைக்கிற வேலை. கீழே ஆட்கள் துளைக்குள் சுற்றி இறங்குகிற இரும்பு ராடுகளை ஒன்றோடொன்று மாட்டுவார்கள், ஸ்பேனர் போட்டு இறுக்குவார்கள். மேலே நிற்பவன் கைதான் கீழே நிற்பவன் உயிர். சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம் என்று எங்கெங்கோ போய் மாதக்கணக்கில் தண்ணீர் தேடிவிட்டு, மாரியம்மன் பண்டிகைக்கு வீடு வந்து சேர்வார்கள்.

"ஏனுங்க, ஆசுபத்திரிக்கு ஒரு எட்டுப் போயிட்டு வந்தரலாங்க. கால் மதமதங்குதுன்னா சர்க்கரையா இருக்கப்போவுது" என்றாள்.

"ரிக்குக்காரனுக்குத் தரை ஆடத்தான் செய்யும். நாலு நாள் தூங்குனா நின்னுரும்" என்றார் அவர்.

அந்தப் பக்கத்து ரிக்குக்காரர் வீடுகளில் எல்லாரும் சொல்கிற பேச்சுதான் இது. அதிர்கிற இரும்பின் மேல் மாதக்கணக்கில் நின்றுவிட்டு வருகிறவனுக்கு, வீட்டு வாசலும் கொஞ்ச நாள் அதிர்வது போல் இருக்கும். யாரும் அதற்கு வைத்தியம் பார்ப்பதில்லை. மாமியார் மருமகளுக்குச் சொல்வாள், மருமகள் தன் பிள்ளைக்குச் சொல்வாள். வேறு ஊர்க்காரன் தள்ளாடினால் வைத்தியரிடம் ஓடுவான். இவர்கள் போர்வையை எடுத்துக் கொடுத்துப் படுக்கச் சொல்வார்கள். நல்ல ஞானம்! ஆனால் நாலு நாள் நாலு மாதம் ஆகியும் ஜீவானந்தத்துக்குத் தரை நிற்கவில்லை.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட ஒரு வழி இருந்தது. அவர் முதலாளி குமரகுருவின் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. ஆயுத பூஜை முடிந்து வண்டி வடக்கே கிளம்புவதற்கு முன், ஒவ்வொரு டிரில்லரும் கவிழ்த்த ஆயில் டிரம்மின் மேல் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். எதிரே ஒரு கட்டிச் சூடம் எரியும். அது அணையும் வரை நின்றால் வண்டிச் சாவி கைக்கு வரும். இடையில் கால் ஊன்றினால் அந்த வருஷம் அவன் மேலே ஏறக்கூடாது. குமரகுருவின் அப்பா காலத்தில் ஒரு டிரில்லர் தட்டிலிருந்து விழுந்து இடுப்பை ஒடித்துக்கொண்டதிலிருந்து வந்த ஏற்பாடு. பிடிவாதக்காரனை ஒற்றைக்காலில் நிற்கிறான் என்று ஊரில் வைவார்கள். பட்டறையில் அப்படி நிற்கிறவனுக்கு மாலை போட்டார்கள்.

இந்த முறை அவர் நிற்கமாட்டார் என்பது சாரதாமணிக்குத் தெரியும். கொல்லையில் தனியாக நின்று பார்த்ததையும், பத்து எண்ணுவதற்குள் துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டதையும் அவள் சமையற்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். பேசாமல் விட்டிருக்கலாம். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் வண்டி பழுதாகி அவர் வீட்டில் இருந்த கோலத்தையும் அவள் பார்த்திருந்தாள். டீக்கடைக்குப் போகமாட்டார். நாலு பேரோடு உட்கார்ந்து சாப்பிடமாட்டார். "ஆகாத மாட்டுக்கு எதுக்குத் தீனி" என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். ஒருநாள் களைக்கொல்லி டப்பாவைக் கையில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரிக்கை விட அந்த டப்பாவுக்குத்தான் அவள் பயந்தாள்.

அதனால் தம்பி காளியண்ணனைக் கூப்பிட்டாள். அதே வண்டியில் ராடு மாட்டுகிறவன் அவன். பூஜைக்குச் சூடம் வைப்பதும் அவன்தான்.

"மாமனுக்கு மட்டும் சூடத்தக் கிள்ளிச் சின்னதா வெய் சாமி. மேல ஏறட்டும். கீழ நீ இருக்கறயல்லோ, பாத்துக்கோ" என்றாள்.

காளியண்ணன் தலையைச் சொறிந்தான். அக்கா சொல் தட்டிப் பழகாதவன். "செரிக்கா" என்றான்.

பூஜையன்று ஜீவானந்தம் டிரம்மின் மேல் ஏறினார். கால் தூக்கியதும் உடம்பு ஒருமுறை சாய்ந்தது, கையை விரித்துச் சமாளித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. ஆட்கள் சத்தம் போட்டார்கள். மூன்றாவது முறை சாய்ந்தபோது சூடம் பொசுக்கென்று அணைந்தது. இறங்கியவர் முகத்தில் சின்னப் பையன் சிரிப்பு. "பாத்தயா சாரதா, என்னவோ சர்க்கரைன்னயே!" என்றார். அவளும் சிரித்தாள்.

வண்டி போய் மூன்றாம் மாதம் போன் வந்தது. காளியண்ணன் இறந்துவிட்டான். ராட்டில் ஸ்பேனர் போட்டிருந்தபோது ராடு திடீரென்று சுற்றி, ஸ்பேனர் அவன் நெஞ்சில் அடித்துவிட்டதாம். ஸ்பேனர் சரியாக மாட்டாமல் நழுவிவிட்டது என்றார் வண்டி மேனேஜர். ஆம்புலன்ஸில் உடம்போடு வந்தவர் ஜீவானந்தம். வந்தவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. ஆனைக்கும் அடி சறுக்கும், விதி என்று வந்தவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஸ்பேனர் நழுவியது என்ற சொல்லைச் சாரதாமணி இறுகப் பிடித்துக்கொண்டாள். தம்பியின் பிணத்தருகே தலைவிரி கோலமாக அழுதபோதும் அந்தச் சொல் அவளுக்குள் ஓரமாக ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தது. தவறு ஸ்பேனருடையது. புருஷனுடையது இல்லை, அப்படியென்றால் தன்னுடையதும் இல்லை. இப்படி நினைக்கிறோமே என்று அவளுக்கே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அதை விட அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் குமரகுரு வீடு தேடி வந்தார். ஜீவானந்தம் அதுவரை வீட்டோடுதான் இருந்தார். துக்கம் என்று ஊர் விட்டுவைத்திருந்தது. காளியண்ணன் மனைவி ஸ்ரீதேவி அன்று மாவரைக்க வந்தவள், ஒரு மூலையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"டிரில்லருக்கு ஆள் கெடைக்கறதில்லீங்ணா. நடந்தது நடந்துபோச்சு, நீங்க வந்துருங்க" என்றார் குமரகுரு. "உங்களுக்குச் சூடமெல்லாம் வேண்டாம். உங்க காலப் பத்தி எனக்குத் தெரியாதுங்களா?"

ஜீவானந்தம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"ஸ்பேனர் நழுவலீங்க, மொதலாளி."

குமரகுரு காபித் தம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்குக் கால் ஆடிப்போச்சுங்க. கீழ உழுகப் பாத்தேன். கைக்கு எட்டுனதப் புடிச்சேன். அது ராடு சுத்தற லீவருங்க. மாப்ள கீழ ஸ்பேனரோட நின்னான்." அவர் குரல் உடையவில்லை, கணக்கு ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி நேராக வந்தது. "அன்னிக்கு டிரம்மு மேல நான் கால ஊனியிருந்தா வண்டி ஏறியிருக்க மாட்டேனுங்க. எனக்கே சந்தேகந்தான். ஆனாச் சூடம் அணையற வரைக்கும் நின்னுபோட்டேன். சாமியே நிக்க வெச்சிருச்சு, எனக்கு ஒண்ணுமில்லைன்னு நம்பிப்போட்டேன்."

ஸ்ரீதேவியின் கை வெங்காயத்தில் நின்றுவிட்டது. அவள் ஜீவானந்தத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததைத் தாங்க முடியாமல் அவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் கொஞ்ச நேரம் சாரதாமணி வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், பாவம் முழுக்க அவர் தலையில் இறங்கிவிடும். வாய் மூடத்தான் அவள் நினைத்தாள். குனிந்த அந்தத் தலையைப் பார்த்தபோது முடியவில்லை.

"சாமி நிக்க வெக்கலீங்க" என்றாள். "நாந்தான் சூடத்தக் கிள்ளி வெக்கச் சொன்னேன்."

ஜீவானந்தம் அவளைப் புரியாமல் பார்த்தார். புரிந்ததும் கட்டிலைத் தடவித் தேடி உட்கார்ந்தார். குமரகுரு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

ஸ்ரீதேவிதான் கேட்டாள். நாத்தனாரை அவள் நங்கையா என்றுதான் கூப்பிடுவாள், அன்றும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

"நங்கையா, அப்ப எங்கூட்டுக்காரருக்குத் தெரியுமா? அண்ணனுக்குக் காலு நிக்காதுன்னு தெரிஞ்சேதான் நாள் பூரா ரிக்குக்குக் கீழ நின்னாரா?"

"தெரியும் சாமி" என்றாள் சாரதாமணி. "நான் நிக்கச் சொன்னேன். நின்னான்."