தொட்டிக்குள் கிரிவலம்

என் கால்களைப் பற்றிக் கருத்து சொல்லாத சொந்தக்காரர் யாரும் இல்லை. பாதம் மட்டும் ஒல்லி. கணுக்காலுக்கு மேலே சதை மடிந்து கொலுசின் மேல் உட்கார்ந்துகொள்ளும். இடுப்புக்கு மேலே நான் ஒரு ஆள், கீழே வேறு ஆள். முதுகு வலிக்கிறது என்று வாயைத் திறந்தால் போதும், கீழ்பென்னாத்தூரில் விவசாயம் பார்க்கும் என் அக்கா, சோத்தைக் கம்மி பண்ணு என்பாள். கம்மி பண்ணினேன். முகம் வற்றியது, கால் அப்படியே இருந்தது. கிரிவலம் கிளம்பினால் கொஞ்ச தூரத்திலேயே முதுகு பிடித்து ஆட்டோவில் திரும்பிவிடுவேன். ஒரே ஒரு முறை மலையை முழுசாகச் சுற்றிவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் விடவில்லை.

வேங்கிக்காலில் ஒரு பெண் டாக்டர், அழுத்தினால் வலிக்கிறதா, லேசாக இடித்தாலே கன்றிப்போகிறதா என்று கேட்டார். இரண்டும் உண்டு. இதற்கு லிப்பெடிமா என்று பெயர், பட்டினி கிடந்தாலும் சுலபத்தில் கரையாத கொழுப்பு, உங்கள் தப்பில்லை என்றார். கால் கனக்கக் கனக்க நடை மாறுகிறது, முட்டி உள்பக்கம் சாய்கிறது, அந்தச் சுமை கடைசியில் முதுகில் வந்து விழுகிறது. அடியோடு போகாது, ஆனால் அடக்கி வைக்கலாமாம். இறுக்கமான காலுறை, வயிற்றுத் தசைக்குப் பயிற்சி, தண்ணீருக்குள் நடை, வலி வரும் முன்பே ஓய்வு. என் தப்பில்லை என்று கேட்டதிலேயே எனக்குத் தலைகால் புரியவில்லை. பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

தண்ணீருக்கு எங்கே போவது? அக்காவின் பம்புசெட் தொட்டிதான். ஞாயிறுதோறும் நைட்டியோடு இறங்கி, மார்பளவுத் தண்ணீரில் சுற்றிச் சுற்றி வந்தேன். முதுகில் கனமே இல்லை. ஊர்ப்பழக்கம் விடுமா, வலமாகவே சுற்றினேன். மயக்கம் வரும், திரும்பி நடடி என்று அக்கா கத்தினாள். கால் திரும்ப மறுத்தது. நடுவில் மிதந்த சோப்பு டப்பாவைக் கும்பிட்டுக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் துவைத்த துணியெல்லாம் தொட்டிக்குள் விழுந்தது.

சில மாதம் கழித்து, கூட்டமில்லாத ஒரு விடியலில் இருவரும் கிளம்பினோம். வெறுங்காலில் நடக்க வேண்டிய பாதை என்பதால் பாதத்தை மூடாமல் கணுக்காலோடு முடிகிற காலுறை வாங்கியிருந்தேன். பாதம் தரையில் படுகிறதா என்று அக்கா குனிந்து பார்த்துவிட்டுத்தான் அனுமதித்தாள். வலிக்கும் முன்பே நான் அங்கங்கே உட்கார்ந்தேன். இப்பவேவா என்று சலித்துக்கொண்டு அவள் விறுவிறுவென முன்னால் போனாள். அடி அண்ணாமலையும் தாண்டியாயிற்று, நான் இதுவரை நடந்தே பார்க்காத தூரம். முதுகு முனகியது, அவ்வளவுதான். சந்தோஷத்தில் அக்காவை எப்போது தாண்டினேன் என்றே தெரியவில்லை.

ஓர் ஆட்டோ வழக்கம்போல என் பக்கத்தில் வந்து நின்றது. எனக்கு வேண்டாம், பின்னால் வருகிறவரைக் கேளுங்கள் என்றேன். அக்கா புளியமரத்தடியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஆட்டோவை முறைத்து அனுப்பிவிட்டு, என்னைப் பார்த்தாள்.

"மெதுவா போடி. உன்கூட என்னால நடக்க முடியல."

அவளுக்காக இன்னும் இரண்டு இடத்தில் உட்கார்ந்து, ராஜகோபுரத்துக்கு வந்து சேர்ந்தோம். முழுச் சுற்று. அழுதேன், சிரித்தேன், எது முதலில் என்று நினைவில்லை. பிறந்ததிலிருந்து யாரும் என்னை மெதுவாகப் போகச் சொன்னதில்லை. அதை இன்னொரு தடவை சொல்லு என்று அக்காவைக் கேட்டேன்.

சொன்னாள்.