தேவகி அழிக்காத வரிகள்

செவ்வாய்க்கிழமை காலை திருப்பதி அலுவலகத்தில் கணினியைத் திறந்துகொண்டிருந்தேன். நகரியிலிருந்து தேவகியின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிட்டாங்க சார். மூச்சு முட்டுதுன்னாங்க, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருக்கும்போதே…" எனக்கு உடனே துக்கம் வரவில்லை. என்னை ஏன் கூப்பிடுகிறார், அக்கா ஏதாவது சொல்லியிருப்பாரோ என்றுதான் தோன்றியது. என் புத்தி அப்படி.

தேவகியோடு வேலை செய்தவர்களுக்கு அவரைப் பற்றிய ஒரு பேச்சும் தெரிந்திருக்கும்: அடுத்தவர் எழுதியதை அழித்துவிடுபவர் என்று. அந்தப் பேச்சைக் கிளப்பியவன் நான். அதைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

சித்தூர் பக்கத்துப் பால் சேகரிப்பு நிலையங்களுக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். பாலில் கொழுப்பை அளக்கும் மிஷினோடு வந்த நிரல் சி மொழியில் இருந்தது. நாங்கள் எழுதிய திரைகளோ பைத்தான் என்ற வேறு மொழியில். இரண்டும் நேராகப் பேசிக்கொள்ளாது. எதெது வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பில் பட்டியல் எழுதி, கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளை கொடுத்தால், நடுவில் நிற்கும் இணைப்பு நிரலை ஒரு கருவியே ஆயிரக்கணக்கான வரிகளில் எழுதித் தந்துவிடும். பட்டியலும் கட்டளையும் தேவகியின் பொறுப்பு. தினமும் காலையில் வந்ததும் முதல் வேலையாக அதை ஓட்டுவார்.

அவர் எதையும் லேசில் நம்பமாட்டார். கங்காதர நெல்லூர் நிலையத்தில் கொழுப்பு அளவு சரியாக வருகிறது என்று ஒருமுறை சொன்னேன். "நீ பாத்தியா, யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டுவிட்டு, தானே பஸ் ஏறிப் போய், ஒரே பாலை மூன்று முறை ஊற்றிப் பார்த்துவிட்டு வந்தார். "மிஷினு சொல்றத நம்பாத. நீ சொல்றதையும் நம்பாத. ரெண்டையும் பாத்துக்கினே இரு" என்பது அவர் அடிக்கடி சொல்வது. என்னைக் குத்துவதற்காகவே சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த இணைப்பு நிரலில் ஒரு பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினேன். மறுநாள் காலை திருத்தத்தைக் காணோம். மறுபடி எழுதினேன், மறுபடி காணோம். மூன்றாம் முறை தேவகியிடம் போய், என் வரிகளை எடுத்தாயா என்று கேட்டேன். எந்தக் கோப்பு என்று சொல்லவில்லை. சொன்னால் உஷாராகிவிடுவார் என்று கணக்குப் போட்டேன். "உன் வரிய நான் இன்னாத்துக்குத் தொடணும்?" என்றார், திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல். அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டு மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் தேவகியைச் சித்தூருக்கு, மிஷின் பழுது பார்க்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள்.

கட்டளை என் கைக்கு வந்தது. முதல் நாள் ஓட்டியதுமே என் திருத்தம் என் கண்ணெதிரில் மறைந்தது. கருவி அந்தக் கோப்பை ஒவ்வொரு முறையும் புதிதாக எழுதுகிறது. கையால் திருத்தாதே என்று கோப்பின் தொடக்கத்திலேயே எச்சரிக்கையும் இருக்கிறது. பிழை இருந்த இடத்துக்கே நேராகப் போய்ப் பழகிய நான் அதைப் படித்ததே இல்லை. என் திருத்தம் பட்டியல் கோப்பில் போயிருக்க வேண்டும். அன்றே மேலாளர் அறைக்குப் போயிருக்கலாம். வெட்கமாக இருந்தது, போகவில்லை.

போன வருடம் சித்தூரில் ஒரு நிலையத்தில் சந்தித்தோம். டீ குடித்துக்கொண்டிருந்தபோது கேட்டார்:

"இப்போ உன் திருத்தத்த எங்க எழுதற?"

"பட்டியல்ல."

"அப்போ சரி."

"உனக்கு எப்போ தெரியும்?"

"என்னை மாத்தின அன்னைக்கே, எந்தக் கோப்புன்னு மேனேஜர் சொன்னதும். நீயே போய்ச் சொல்லுவன்னு பாத்துக்கினு இருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. அதனால் எனக்கு இன்னும் சந்தேகம், மன்னித்தாரா இல்லையா என்று. அப்போதும் நான் மேலாளரிடம் போய்ச் சொல்லவில்லை.

நகரியில் அடக்கம் முடிந்து திரும்பும்போது, நல்ல மனுஷி, அந்த ஒரு தப்பைச் செய்யாமல் இருந்திருக்கலாம் என்று மேலாளர் தெலுங்கில் சொன்னார். அப்போதுதான் வாயைத் திறந்து, வரிகளை அழித்தது கருவிதான், தேவகி அல்ல, அது எனக்கு முதல் நாளே தெரியும் என்று சொன்னேன். காரில் இருந்த நான்கு பேரும் கேட்டார்கள்.

அவருடைய சந்தேகத்தை நான் வைத்துக்கொண்டேன். இப்போது யாரைக் குறை சொல்லும் முன்பும் முதலில் என்னையே சந்தேகிக்கிறேன். எதையும் நம்பாத தேவகி, நான் சொல்வேன் என்பதை மட்டும் நம்பிக் காத்திருந்தார். சொல்லிவிட்டேன் தேவகி, நீ கேட்க முடியாத நாளில்.