காய்ந்த கிளையும் என் இடது காலும்

முதலில் குளிர்ந்தது இடது காலின் சுண்டுவிரல். ராயபுரம் துறைமுகக் கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதும் வேலை எனக்கு. நாளெல்லாம் நடைதான். சித்திரை வெயிலில் ஊரே வெந்துகொண்டிருந்தபோது அந்த விரல் மட்டும் சில்லிட்டுக் கிடந்தது. நாலடி வேகமாக நடந்தால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். வாயு என்றார்கள். நானும் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, வாயு என்றே நம்பினேன்.

என் மனைவி கன்னியம்மா தவிட்டை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். குளிர்ந்த காலுக்குச் சூடு வைப்பது எங்கள் திருவொற்றியூரில் எல்லா வீட்டுக்கும் தெரிந்த வைத்தியம். மரத்துப்போன காலுக்குச் சுட்டதே தெரியவில்லை. மறுநாள் கொப்புளம். அது ஆறாமல் கறுத்தது. இதே நோயோடு இதைப் படிப்பவர்களுக்குச் சொல்கிறேன், காலுக்குச் சூடு மட்டும் வைக்காதீர்கள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என் பாதத்தில் நாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. தமனி அடைப்பு (ரத்தக் குழாய் தூர்ந்துபோவது) என்றார். பீடியால் வந்தது என்றும் சொன்னார். அடைத்தது திறக்குமா என்று கேட்டேன். மழை பொய்த்துப்போன அந்த வருஷத்தில் ஜன்னலுக்கு வெளியே காய்ந்து நின்ற பூவரசைக் காட்டினார்.

மண்ணில் ஈரம் வற்றினால் மரத்துக்குள் ஏறும் தண்ணீர் நடுவில் அறுந்து, மெல்லிய குழாய்களில் காற்று புகுந்துவிடுமாம். அப்படி அடைத்த குழாய் பெரும்பாலும் மறுபடி தண்ணீர் ஏற்றாதாம். மழை பெய்தால் பட்டைக்கு அடியில் மரம் புதுக் குழாய் போட்டுக்கொள்ளும். அதுவரை தாக்குப்பிடிக்கிற கிளைதான் பிழைக்கும்.

"உங்க காலும் அப்படித்தான். பக்கத்துல இருக்கிற சின்னக் குழாய்ங்க பெருசாகணும். அதுக்கு நாளாகும். பீடியை இன்னியோட விட்டுடுங்க."

விட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே அந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். கன்னியம்மா கஞ்சியோடு வருவாள். கறுப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்று போர்வையை விலக்கிப் பார்ப்பாள்.

அழுகல் (ரத்தம் எட்டாத சதை செத்துப்போவது) கணுக்காலைத் தாண்டியதும், முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும் என்றார் டாக்டர்.

"நான் சூடு வெச்சதுனாலயா சார்?" என்று கேட்டாள் அவள்.

"அதனாலயும்தான்" என்றார்.

ஒரு பொய் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன். கால் போனதைவிட அந்தப் பதில்தான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

காலை எடுத்த பிறகுதான் மழை வந்தது. நான் வீடு திரும்புவதற்குள் பூவரசின் அடிமரத்தில் தளிர் விட்டிருந்தது. மேல்கிளைகள் துளிர்க்கவே இல்லை. வயிற்றெரிச்சலோடு அதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

இப்போது கட்டைக்காலோடு நடக்கிறேன். இல்லாத சுண்டுவிரல் இன்னும் சில்லிடுகிறது. தடவிவிடப் போகும் கை வெறும் பாயைத் தொடுகிறது. மாதம், வருஷம் என்று முன்யோசனை செய்வதெல்லாம் என்னை விட்டுப் போய்விட்டது.

விடிந்ததும், முகம்கூடக் கழுவாமல், கன்னியம்மா என் வலது பாதத்தின் மேல் உள்ளங்கையை வைப்பாள். நான் விழித்திருந்தாலும் கண்ணைத் திறப்பதில்லை. அவள் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கும்.

"சூடாத்தான் கீது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள்.

அதற்குப் பிறகுதான் எழுந்துபோய் அடுப்பை மூட்டுவாள்.