கொழுந்து மாடியில் ஒரு சோடி சப்பாத்து

கல்யாணமாகி நான் பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றுக்கு வந்தபோது ஆனி மழை தொடங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே கணக்கப்பிள்ளை. கொழுந்து பறிக்கிற ஆட்களை மேற்பார்த்தபடி விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை மலை ஏறி இறங்குவதுதான் உத்தியோகம். நல்ல மனுஷர். அதிர்ந்து பேசமாட்டார், சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார். அவரிடம் இருந்த ஒரே குறை வாசலில் சோடியாகக் கிடந்தது.

தோட்டத்து உதவி மேனேஜராக இருந்து சீமைக்குத் திரும்பிப் போன சின்னத்துரை ஒருவர் விட்டுப்போன சப்பாத்து அது. கணுக்காலுக்கு மேலே வரும், கனமான தோல், அடியில் ஆணி. மழைக்காலத்தில் அது ஒருநாளும் காயாது. சாயங்காலம் அவர் அதைக் கழற்றினால் நான் கொல்லைப்பக்கம் போய்விடுவேன். பக்கத்து வீட்டு நாய்கூடத் தூரத்தில் நின்று யோசித்துவிட்டுத்தான் எங்கள் வாசலைக் கடக்கும்.

நானும் சும்மா இருக்கவில்லை. பீலித் தண்ணீர் கொட்டுகிற இடத்தில் வைத்துச் சவுக்காரம் போட்டுத் தேய்த்தேன். தோல் இன்னும் தண்ணீர் குடித்ததுதான் மிச்சம். அடுப்போரம் வைத்தேன், ஒரே ராத்திரியில் அப்பளம் மாதிரி விறைத்து ஓரத்தில் வெடிப்பு விட்டது. நெருப்புக்குப் பக்கத்தில் தோலை வைக்கக்கூடாது என்று அப்போதுதான் புத்தி வந்தது. தேங்காயெண்ணெய் தடவி ஒருவாறு இளக்கினேன். அந்த எண்ணெயும் சிக்கு வாடை அடித்தது.

அப்படியிருக்க, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர் வேகமாக வந்தார். கணக்கப்பிள்ளைகளுக்கெல்லாம் மேலே இருந்த கண்டாக்கையா வேலையை விட்டுப் போகிறாராம். அந்த இடத்துக்கு இவரைப் போடலாமா என்று பார்க்க, திங்கட்கிழமை காலையில் தோட்டத்து மேனேஜர் துரை ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கிறாராம்.

"சந்தோஷமான விஷயம்தானே, ஏங்க முகம் இப்படி இருக்கு?" என்றேன்.

"துரை ரூம்ல கணப்பு எரியும் புள்ள. பக்கத்துல நாற்காலி போட்டு உக்காரச் சொல்லுவாரு. போன மாசம் வாசல்ல நின்னதுக்கே கிளாக்கரு கொஞ்சம் தள்ளி நில்லுங்கன்னாரு."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண்டாக்கு வேலை என்றால் தனி வீடு, சம்பள உயர்வு, இந்த மழையில் நாள் முழுக்க நனையாத உடம்பு. அத்தனையும் ஒரு நாற்றத்தால் போய்விடக்கூடாது என்று எனக்கு வைராக்கியம் வந்துவிட்டது.

எங்கள் வீடு தேயிலைத்தூள் செய்கிற ஸ்டோருக்கு ஒட்டினாற்போல இருந்தது. ஸ்டோரின் மேல்மாடியில் சாக்குத் துணியைத் தட்டுத் தட்டாகக் கட்டி, பச்சைக் கொழுந்தைப் பரப்பி, கீழேயிருந்து வெதுவெதுப்பான காற்றை விட்டு வாட்டுவார்கள். நான் நுவரெலியாக் கடைத்தெருவில் மரக்கறிக் கூடைகளுக்கு நடுவே வளர்ந்தவள். தேயிலையைக் குடிக்கத் தெரியும், அதன் குணம் தெரியாது. இந்த மழையில் அப்படி ஒரு காற்று வேறு எங்கே கிடைக்கும்! அன்று சாயங்காலம் கொழுந்து பரப்பியவர்கள் இறங்கிப் போனதும், சப்பாத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு வெளிப்படிக்கட்டால் ஏறி, கோடித் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

விடிகாலையில், வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்கு ஆள் கூடுவதற்கு முன்பே, கதவு தட்டப்பட்டது. டீமேக்கரையா நின்றார். தூள் போடுவதற்கெல்லாம் பொறுப்பான அவர், வாய்க்கு வெற்றிலைகூடப் போடாதவர். வாடை பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. கையை நீட்டித் தூரமாகப் பிடித்திருந்தார், சப்பாத்தை.

"இது யாரு வேலை?"

"நாந்தாங்க ஐயா. இவருக்கு ஒண்ணும் தெரியாது."

"தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கும், தெரியுமா? பக்கத்துல வெங்காயம் இருந்தா வெங்காயம், எண்ணெய் இருந்தா எண்ணெய். நாலு தட்டுக் கொழுந்த ஒதுக்கி வச்சிருக்கேன். அது கொழும்புக்குப் போயி, வாயில வச்சவன் துப்பினா என்னைத்தான் கேப்பான். தொரைக்குச் சொல்லாம எப்படி இருக்கிறது?"

என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்றார். திங்கட்கிழமை மட்டுமா, இருக்கிற வேலையும் போகப்போகிறது என்று எனக்குப் பட்டது. ஆனால் என் வாய் சும்மா இருக்கிற வாய் இல்லை.

"எந்த வாடையையும் இழுக்குமாங்க ஐயா?"

"இழுக்கும்னுதானே சொல்றேன்!"

"அப்ப அந்தக் கொழுந்த எனக்கே குடுங்க. சப்பாத்துக்குள்ள போடுறேன். உள்ள இருக்கிறதையும் இழுக்கட்டும்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு சப்பாத்தைப் பார்த்தார். விழுந்து விழுந்து சிரித்தார். "கூரை ஒழுகி நாலு தட்டு கெட்டுப்போச்சுன்னு எழுதிக்கிறேன். இனிமே அந்தப் படியில காலை வச்சா அப்ப இருக்கு" என்று சொல்லி, ஒரு கூடைக் கொழுந்தை அனுப்பிவைத்தார்.

அன்று என் வீட்டுக்காரர் அட்டைக் கடிக்குப் பயந்து காலெல்லாம் சவுக்காரம் பூசிக்கொண்டு வெறுங்காலோடு மலைக்குப் போனார். நான் கொழுந்தை ரொட்டிச் சட்டியில் இளந்தீயில் மொறுமொறுவென்று வறுத்து, ஆறவிட்டு நொறுக்கி வைத்தேன். சப்பாத்தின் கயிற்றை உருவித் துவைத்தேன். உள்ளே பாதத்துக்கு அடியில் கிடந்த தோலை எடுத்துத் தனியாகக் காற்றில் வைத்தேன். காய்ந்த சேற்றைக் குச்சியால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்து, பழைய பத்திரிகைத் தாளைத் திணித்துத் திணித்து மாற்றினேன். ஈரம் இழுத்ததும், வேட்டிக் கிழிசலில் தைத்த இரண்டு பைகளில் வறுத்த தூளை நிரப்பி உள்ளே தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை அதைக் கொட்டிவிட்டுப் புதுத்தூள் போட்டேன். திங்கட்கிழமை காலையில் மூக்கை உள்ளேயே விட்டுப் பார்த்தேன். தோல் வாடை, லேசாகத் தேயிலை வாடை, அவ்வளவுதான்.

அவர் போய் ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பினார். வாசலிலேயே, "கிடைச்சிருச்சு" என்றார். சொல்லிவிட்டு ஒரு மாதிரியாகச் சிரித்தார்.

"என்னங்க?"

"கணப்புக்குப் பக்கத்துல தொரையோட சப்பாத்தைக் காயவச்சிருந்தாங்க. யம்மாடி! அரைமணி நேரம் மூச்சப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன். அவரு பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்காரு."

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரித்து முடித்தபோது கண்ணில் தண்ணீர் நின்றது. அது சிரிப்புத் தண்ணீர் மட்டும் இல்லை. அந்தத் துரையிடம் தள்ளி நில்லுங்கள் என்று யார் சொல்வார்கள்? எனக்காக மலை முழுக்க நனைந்து நடந்த மனுஷரின் காலுக்கு நான் மூன்று நாள் வெட்கப்பட்டிருக்கிறேன். அவர் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தார். இருங்க என்று சொல்லி, நானே கீழே உட்கார்ந்து அவிழ்த்துவிட்டேன்.